வாடை என்றால் இடப்பக்கம்

சேசு மரி சூசை

கொச்சி
12.5.1973

பிளாரன்ஸுக்கு சிலுவை எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் கடுதாசி அடுப்புக்குள் போய்விடும். அதனால் ராயப்பு சுகமா என்று கேட்கிறேன். குதிரையைக் கேட்டால் உனக்குக் கோபம் வராது.

சொல்லாமல் தோணி ஏறியது தப்புதான். 'லூர்து மாதா'வில் ஓர் ஆள் குறைகிறது என்று தோணியை நடத்தும் தண்டல் ஜேசுதாசன் அண்ணன் விடியற்காலை வந்து நின்றார். "ஒரே ஒரு ஓட்டம்தாம்டே, கொச்சிக்குப் போய்ச் சிமெண்ட இறக்கிட்டு வந்துரலாம்" என்றார். உன்னிடம் சொன்னால் விடமாட்டாய். சொல்லாமல் போனால் அடிப்பாய். அடி திரும்பி வந்த பிறகுதானே விழும் என்று ஏறிவிட்டேன். இனிக் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று ஆறு வருஷத்துக்கு முன் உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த கை இதுதான். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மூன்றாம் வகுப்பு வாத்தியாரைத் திட்டு.

இங்கே வந்து சேருமுன் தோணியின் அடிப்பலகை பிளந்து தண்ணீர் ஏறிவிட்டது. பலகை மாற்றி முடிவதற்குள் மழை பிடித்துவிடும். ஆவணி பிறக்காமல் தோணி அசையாது. மற்ற ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தண்டலும் நானும் காவல் இருக்கிறோம். நான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. செங்கோட்டை ரயில் ஏறினால் மறுநாள் வீடு. 'வா' என்று ஓர் எழுத்து எழுதிப் போடு, வந்துவிடுகிறேன்.

அதுவரை ராயப்பைச் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து நம் வண்டியில் பூட்டி ஓட்டட்டும். ரயிலடியில் முப்பது வருஷமாக ஜட்கா ஓட்டுகிறவர். ஆனால் சில சங்கதிகள் அவருக்குத் தெரியாது. ராயப்பிடம் வலப்பக்கமாகத்தான் போகவேண்டும். இடப்பக்கம் போனால் யாரோ என்று நினைத்துக்கொள்ளும். கருப்பட்டித் துண்டைக் கையில் நீட்டாமல் பல்லில் கடித்துக்கொண்டு கொடுக்கவேண்டும், அது உதட்டால் எடுத்துக்கொள்ளும். (உனக்கு அப்படிக் கொடுக்கலாம் என்று பலமுறை நினைத்தேன், நீ கடித்துவிடுவாய்.) மத்தியானம் நிழலில் கட்டிப்போட்டால் கத்தும். தலைக்கயிற்றைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் படுத்தால் அதுவும் கண்ணை மூடும்.

உன்
சிலுவை


தூத்துக்குடி
21.5.1973

கடிதம் வந்தது.

நான் உங்களைப் போகச் சொல்லவில்லை. அதனால் வரச் சொல்லவும் மாட்டேன்.

ராயப்பு சுகம். தின்கிறது. மூன்று நாளாக வண்டியில் பூட்டினால் மட்டும் நட்ட கல் மாதிரி நிற்கிறது. சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "என்னம்மா இது, குதிரைய வளத்தானா, இல்ல கோட்டி பிடிக்க வச்சானா? ஆண்டவன் குதிரைக்கு இடப்பக்கத்தத்தான் ஆளுக்குன்னு விட்டிருக்கான். அங்கன நின்னுதான் பூட்டணும், அங்கன நின்னுதான் அவுக்கணும். வாயில வச்சு ஊட்டுனா ஒரு நாளைக்கு மூக்கக் கொண்டு போயிரும். கயித்தக் கால்ல சுத்திக்கிட்டுத் தூங்குனா, அது மிரண்டு ஓடும்போது இவன் தெருவெல்லாம் இழுபடுவான்!" என்றார். நான், "இவ்வளவு நாள் இழுபடலையே அண்ணாச்சி" என்றேன். "அதாம்மா எனக்கும் வெளங்கல" என்றார்.

அண்ணாச்சி முறைப்படி இடப்பக்கம் போய்ப் பூட்டினார். ராயப்பு அவருடைய தோள் துண்டை வாயால் எடுத்து ஓடையில் போட்டது. "ஹை, ஹை" என்று சத்தம் கொடுத்தார். அது திரும்பி என்னைப் பார்த்தது. இந்த மனுஷன் யாரிடம் பேசுகிறார் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கடைசியில் நான் கருப்பட்டியைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்க, வண்டி என் பின்னால் வந்தது. பீச் ரோட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி ஓட்டவில்லை, வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

பின்னங்காலுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று அண்ணாச்சி சொல்கிறார். நீங்கள் பீடி குடிக்கும்போதெல்லாம் அதன் பின்பக்கம் சாய்ந்துதானே நிற்பீர்கள். அதையும் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மணப்பாட்டிலிருந்து மகள் கிளாடிஸ் வந்திருந்தாள். "அப்பா எங்கே" என்று கேட்டாள். "சரக்கு இறக்கக் கொச்சிக்குப் போயிருக்கார்" என்றேன். பொய் இல்லை.

பிளாரன்ஸ்


கொச்சி
2.6.1973

என் பிளாரன்ஸுக்கு,

அண்ணாச்சியின் துண்டு ஓடையில் போனதை நான்கு முறை வாசித்தேன். ஜேசுதாசன் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவருக்கு நெஞ்சில் சளி, வயசும் ஆயிற்று. ஆவணிக்குப் பிறகு தோணியை என்னிடம் விடலாம் என்று நினைக்கிறார். "நீதாம்டே தண்டல். வேற யாரு இருக்கா" என்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பயப்படாதே. பயப்படாதே என்று எழுதினால் கூடப் பயப்படுவாய், அதனால் இந்த வரியை அடிக்க நினைத்தேன். அடித்தால் என்ன எழுதியிருந்தேன் என்று விளக்கில் பிடித்துப் பார்ப்பாய்.

மழை பிடித்துவிட்டது. நம் ஊர் மழை வந்து போகிற விருந்தாளி. இது வந்தால் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறது. கூரைத்தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் இந்தத் தோணியின் பக்கப்பலகையைத் தட்டிக்கொடுத்து "என்னலே, தூக்கமா?" என்று கேட்டுவிட்டேன். தண்டல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ராயப்பு என்று நினைத்துவிட்டேன்.

அது நடக்காமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுத வேண்டும் என்று மூன்று முறை மை தொட்டேன். நேரில்தான் சொல்ல முடியும். நீ வா என்று எழுதினால் நேரில் சொல்கிறேன். பார், எப்படிச் சுற்றி வருகிறேன்.

அதுவரை நீயே கருப்பட்டியோடு முன்னால் நட. உன் பின்னால் வருவதற்கு அதற்குக் கசக்கவா செய்யும். நான் இருபத்தைந்து வருஷம் வந்தவன்தானே.

உன்
சிலுவை


தூத்துக்குடி
14.6.1973

நேற்று காரணம் தெரிந்துவிட்டது. நீங்கள் சொல்லவேண்டியதில்லை.

ஒருவழியாக ராயப்பு நடக்கத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி பிடித்தார், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் பின்னால் இருந்தார்கள், ரயிலடிக்கு. பீச் ரோட்டில் போகும்போது கரையோரம் ஒரு வள்ளம் வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஒருத்தன், "நங்கூரத்தப் போடுலே!" என்று கத்தினான்.

ராயப்பு நின்றது. நடுரோட்டில், ஒரே நிலையில். சிஸ்டர் முன்னால் வந்து விழுந்து என் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி "ஹை, ஹை" என்கிறார், சாட்டையைச் சொடுக்குகிறார். காது அசையவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். அதற்குள் இன்னொரு வள்ளத்திலிருந்து, "பாய ஏத்து! பாய ஏத்துலே!" என்று சத்தம். ராயப்பு ஒரே ஓட்டம். சிஸ்டரின் குடை பறந்தது. "மாதாவே, மாதாவே" என்று அவர்கள். "இது குதிர இல்லம்மா, இதுக்குள்ள ஒரு மீன்காரன் இருக்கான்" என்று அண்ணாச்சி. ரயில் வரும் முன்னால் போய்ச் சேர்ந்தோம், அது ஒன்றுதான் நல்லது.

நான் சிரிக்கவில்லை. கேட்டீர்களா? எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.

என் தம்பி கிளாட்வின் உங்கள் கண்முன்னால் கடலில் போனான். நீங்கள் திரும்பி வந்தீர்கள். அன்றைக்கு நான் என்ன கேட்டேன்? இந்த வீட்டுக்குள் கடல் பேச்சு வேண்டாம் என்று கேட்டேன். பாய், நங்கூரம், வாடை, கொண்டல், ஒன்றும் என் காதில் விழக்கூடாது என்று கேட்டேன். நீங்களும் பேசவில்லை. ஆறு வருஷம். மழை வருமா என்று கூட வானத்தைப் பார்த்துச் சொல்லமாட்டீர்கள், ரேடியோவைக் கேட்பீர்கள். என் மனுஷன் எனக்காக எதையெல்லாம் விட்டார் என்று கோயிலில் நான் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் எதையும் விடவில்லை. என் வீட்டில் பேசாத பேச்சு முழுவதையும் அந்தக் குதிரையிடம் பேசியிருக்கிறீர்கள்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. திருவிழாவுக்கு வருகிறவர்களை ஏற்றினால்தான் மழைக்கால வயிறு நிறையும். குதிரையை அண்ணாச்சியிடமே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். தண்டல் வேலை நல்ல வேலைதான். இருந்துகொள்ளுங்கள்.

பிளாரன்ஸ்


கொச்சி
25.6.1973

பிளாரன்ஸ்,

இந்தக் கடுதாசியில் கேலி இல்லை. தேடாதே.

ராயப்பை வாங்கி வந்த முதல் மாசம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் அதற்கு முன் குதிரையைத் தொட்டவன் இல்லை. திரேஸ்புரம் மணலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன். நட என்று சொல்ல வேண்டும். ஜட்காக்காரர்கள் என்ன சத்தம் கொடுப்பார்கள் என்று தெரியும். ஆனால் என் வாயில் வரவில்லை. ஒரு பெரிய உடம்பை அசைக்க வேண்டும் என்றால் என் நாக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான். "பாய ஏத்து" என்றேன். அது நடந்தது. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். அதை யாரும் பார்க்கவில்லை. குதிரை மட்டும் வந்து என் தலைமயிரை மோந்து பார்த்தது.

அப்புறம் நிறுத்தமுடியவில்லை. வீட்டுக்குள் பேசமாட்டேன் என்றுதானே சத்தியம், குதிரைக்கொட்டில் வீட்டில் சேர்த்தியா என்று எந்தச் சாமியாரிடமும் நான் கேட்கவில்லை. (இது கேலி அல்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) வலப்பக்கம் போவது, கால் விரலில் கயிறு சுற்றுவது எல்லாம் அப்படி வந்ததுதான். தோணியில் என் இடம் வலப்பக்கம். தூண்டில் போடுகிறவன் கயிற்றைக் கால் விரலில் சுற்றிக்கொண்டுதான் கண் அசருவான், மீன் இழுத்தால் தெரியும். ராயப்பு எழுந்து நின்றால் எனக்குத் தெரியவேண்டும் என்று சுற்றிக்கொண்டேன். அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரி. நான் குதிரை வளர்க்கவில்லை, தோணி வளர்த்திருக்கிறேன். குதிரைக்குத் தெரியாமல் போனதால் அது பாவம் சம்மதித்துவிட்டது.

திருவிழாவுக்கு நீ அதை ஓட்ட நினைத்தால் இதைத் தெரிந்துகொள். நடக்க, 'பாய் ஏத்து'. மெதுவாக, 'பாய் இறக்கு'. நிற்க, 'நங்கூரம்'. திரும்புவதற்கு, வாடை என்றால் இடப்பக்கம், சோழகம் என்றால் வலப்பக்கம். நம் கரையில் கடலைப் பார்த்து நின்றால் வடக்கத்தி வாடைக்காற்று இடக்கையில், தெற்கத்திச் சோழகக்காற்று வலக்கையில். ராயப்பு எந்தத் தெருவில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அதற்கு அப்படித்தான். அது எப்போதும் கடலைப் பார்த்தே நிற்கிறது என்று நினைத்துக்கொள்.

உன் வாயால் இதைச் சொல்லமுடியாது என்றால் சொல்லாதே. அண்ணாச்சியிடம் விடு. அவர் முறையாகப் பழக்கிவிடுவார். அடிக்கவேண்டாம் என்று மட்டும் சொல். அது அடி தெரியாத குதிரை.

ஏன் ஏறினேன் என்று நீ ஒருமுறை கூடக் கேட்கவில்லை. தோணி கன்னியாகுமரி முனையைச் சுற்றித்தானே போகும். கிளாட்வின் போன இடம் அது. ஜேசுதாசன் அண்ணன் கொச்சி என்றதும் எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. அங்கே போனோம். பகல் நேரம். தண்ணீர் தெளிவாக இருந்தது.

இதற்கு மேல் எழுதினால் உன் வீட்டுக்குள் கடல் பேச்சு வந்துவிடும்.

சிலுவை


தூத்துக்குடி
8.8.1973

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத நேரம் இல்லை என்று எழுதினால் பொய்.

முதலில் ராயப்பு. கடிதம் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வலப்பக்கமாகத்தான் போனேன். சொல்லிப் பார்க்கலாம் என்று நின்றேன். 'பாய்' வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. ராயப்பு காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தது. அது பொறுமையான குதிரை. நான் வெளியே வந்து சோறு வடித்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் அண்ணாச்சி வந்து, "என்னம்மா, கதவச் சாத்திக்கிட்டுக் குதிரைக்கு ஞானஸ்நானமா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தம்பியையும். அவர் கேலி செய்யவில்லை. "முற தெரிஞ்சவன் நானு. ஆனா அது கேக்குறது உன் மனுசன் பேச்சத்தாம்மா. ஒண்ணும் ஆகாது, சத்தமாச் சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். "பாய ஏத்து." தெருவில், நாலு பேர் முன்னால். ராயப்பு நடந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருவிழா பத்து நாளும் நான்தான் ஓட்டினேன். அண்ணாச்சி முதல் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தார், அப்புறம் தன் வண்டிக்குப் போய்விட்டார். ஒரு பொம்பளை கையில் கயிறு, வாயில் "சோழகம், சோழகம்" என்று போனால் சும்மா விடுவார்களா? குரூஸ்புரத்து ஆட்கள், "ஏளா பிளாரன்ஸ், வண்டி எந்தக் கரைக்குப் போகுது? எங்களையும் ஏத்திக்கோ" என்று கத்தினார்கள். "கொச்சிக்கு. பாய் கிழிஞ்சு ஒரு தோணி கெடக்கு, இழுத்துட்டு வரப் போறேன்" என்றேன். உங்கள் புத்தி எனக்கும் ஒட்டிவிட்டது. தேர் நாளன்று கோயில் வாசலில் அவ்வளவு கூட்டத்தில் மெதுவாக "நங்கூரம்" என்றேன். ஒரு கால் கூடத் தள்ளிப் போகாமல் நின்றது.

ஆகவே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ராயப்புக்கு நீங்கள் தேவை இல்லை. வண்டிக்கும் தேவை இல்லை. இந்த வீட்டுச் சோற்றுக்கும் தேவை இல்லை. தண்டல் ஆகவேண்டும் என்றால் தாராளமாக ஆகலாம், இங்கே எதுவும் நின்றுபோகாது.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆறு வருஷமாக உங்களிடம் நான் ஒன்று கேட்கவில்லை. என் தம்பி எப்படிப் போனான் என்று. தெரியாமல் இருந்தால் அவன் கொஞ்சம் குறைவாகப் போனது மாதிரி எனக்கு. அதற்காக உங்கள் வாயைக் கட்டிவிட்டேன். அந்தக் கயிற்றோடு என் மனுஷன் ஆறு வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்தார். அதை நான் பார்க்கவில்லை. கொட்டிலில் நின்று அந்த வார்த்தைகளைச் சொல்ல வராமல் தவித்தபோதுதான் தெரிந்தது.

தண்ணீர் தெளிவாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு என்ன? அதைக் கடிதத்தில் எழுதவேண்டாம். வந்து சொல்லுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து, எந்தக் காற்று, எந்தப் பாய், அவன் என்ன சொன்னான், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஒன்றும் விடாமல். நான் அழுவேன். நிறுத்தக்கூடாது.

வாருங்கள். வரச் சொல்கிறேன்.

பிளாரன்ஸ்


கொச்சி
14.8.1973

என் பிளாரன்ஸுக்கு,

உன் கடுதாசி காலையில் வந்தது. சாயங்காலம் ரயில். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், தபாலுக்கு முன்னால் நான் வந்துவிடுவேன், ஆனால் இதில் இருப்பதை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுத்து வந்து சேர்ந்ததும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வாசி.

ஜேசுதாசன் அண்ணனிடம் தோணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏம்டே, பொண்டாட்டிக்குப் பயந்தா?" என்றார். ஆமாம் என்றேன். அது கொஞ்சம் பொய், கொஞ்சம் நிஜம். கடல் எனக்குப் பிடிக்கும். இனிமேலும் பிடிக்கும். சில நாள் பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டே நின்றால் பக்கத்தில் வந்து நில், எதையும் கேட்கவேண்டாம். இந்த மூன்று மாசத்தில் நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்: தண்ணீரில் இருக்கும்போது உன்னைப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது, கரையில் இருக்கும்போது தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. இரண்டில் எது இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்று பார்த்தேன். முட்டியது இங்கேதான், இந்தத் தார்ப்பாய்க்குள்.

கிளாட்வின் சங்கதி எல்லாவற்றையும் சொல்கிறேன். அவன் கடைசியாகக் கேட்டது உன்னைப் பற்றித்தான். ஆறு வருஷமாக அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், பிளாரன்ஸ். அது என்னுடையது இல்லை, உன்னுடையது. கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

உன்
சிலுவை